மூன்று நிமிட மிஷின்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெபா மைதானத்துக்கு ஓடினாள். அவளுடைய அம்மா பரிபூரணம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தோட்ட வேலை பார்க்கிறார். ஜெபா அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு.

அம்மா முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து அறுத்தும் ஒரு மூலைதான் முடிந்திருந்தது.

“மிஷின் எங்கம்மா?” என்று ஜெபா கேட்டாள்.

“ஷெட்டுல கிடக்கு. கயித்த இழுத்து இழுத்து என் தோள்பட்டைதான் கழண்டு போச்சு. அது ஒரு தடவை கூட இருமல.”

அது புல் வெட்டும் மிஷின். நான்கு சக்கரம், மேலே சின்ன இன்ஜின், அதை இழுத்துக் கிளப்ப ஒரு கயிறு, தள்ளுவதற்கு நீளக் கைப்பிடி. பள்ளியில் படித்த யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்தது. கோடை முழுவதும் புல்லே இல்லாததால் ஆறு மாதமாக அதைத் தொடவே இல்லை. இப்போது ஐப்பசி மழை இரண்டு வாரம் கொட்டித் தீர்த்திருந்தது. மைதானம் நெல் வயல் மாதிரி நின்றது.

சனிக்கிழமை அந்த மைதானத்தில் பெண்கள் கால்பந்துப் போட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பள்ளி அணி இராஜபாளையத்துக்கு வருகிறது. இன்றோ வியாழக்கிழமை.

விளையாட்டு ஆசிரியர் ஜோயல் சார் மைதான ஓரமாக நடந்து வந்தார். புல் அவர் கால்சட்டையை முட்டிவரை ஈரமாக்கியிருந்தது.

“அக்கா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடியுமா? முடியாட்டி சொல்லிருங்க. நான் போன் போட்டு, போட்டியை அவங்க ஊருக்கே மாத்தச் சொல்லிருதேன்.”

“முடிச்சிருதேன் சார்” என்றார் அம்மா.

சார் போன பிறகு ஜெபா அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் மூன்று கொப்புளம். ஒன்று உடைந்திருந்தது.

“இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா முடிப்ப?”

“முடிக்கணும்ல” என்றார் அம்மா.

அணியின் கேப்டன் காளீஸ்வரி, ஜெபாவின் பக்கத்து இருக்கைக்காரி. அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

“அங்க மாத்துனா பதினொரு மணிக்குத்தான் மேட்ச் ஆரம்பிக்குமாம். எங்க அம்மாவுக்கு மில்லுல ரெண்டு மணி ஷிப்ட். பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேர முடியாது. இது வரைக்கும் ஆடுன மேட்ச் எல்லாமே வெளியூர்ல. நான் ஆடி எங்க அம்மா பார்த்ததே இல்ல ஏட்டி.”

ஜெபா டிபன் பாக்ஸை மூடினாள். நேராக ஷெட்டுக்குப் போனாள்.

மிஷின் ஒரு மூலையில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் வழக்கமான அந்த அரிப்பு தொடங்கியது. ‘இதுக்குள்ள என்ன இருக்கும்?’ போன வருடம் சுவர்க் கடிகாரத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டாள். அந்தக் கடிகாரம் இன்று வரை சட்டி ஒன்றில் பதினேழு துண்டாகக் கிடக்கிறது.

அம்மா, மடவார் வளாகம் பகுதியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாண்டிதுரைக்குப் போன் செய்தார். ஜெபா போனில் காதை ஒட்டிக்கொண்டாள்.

“நான் மதுரையில கல்யாண வீட்டுல இருக்கேன் அக்கா. திங்கக்கிழமைதான் வருவேன். பெட்ரோலை உள்ளேயே விட்டு வச்சிருப்பீங்க. கார்புரேட்டர்ல பிசினாட்டம் அடைச்சிருக்கும். கழட்டிப் பெட்ரோல்ல கழுவுங்க, போதும்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

“கழுவுறதுதானம்மா? நாமளே கழுவுவோம்” என்றாள் ஜெபா.

“கடிகாரத்தையும் துடைக்கத்தான் எடுத்த.”

“அப்ப நான் அஞ்சாப்பு. எதையும் வரிசையா வைக்கல. இப்ப வரிசையா வைப்பேன்.”

அம்மா தன் உள்ளங்கையை ஒரு முறை பார்த்தார். பள்ளி விட்டதும் ஜோயல் சாரிடம் கேட்டுக்கொண்டு, மிஷினைத் தெருவழியாக வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தூரம்தான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் பின்னால் ஏழு பிள்ளைகளும் ஒரு நாயும் சேர்ந்துவிட்டார்கள். அம்மா எல்லோரையும் வாசலோடு அனுப்பிவிட்டார்.

நாலரை மணிக்கு அப்பா வைகுண்டராஜ் வேலை முடிந்து வந்தார். அவர் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் இருக்கிறார். முற்றத்தில் மிஷின் நிற்பதைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“கழட்டிருவோம்” என்றார். அவருக்கும் கொஞ்சம் அந்த அரிப்பு உண்டு.

மூவரும் போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தார்கள். அதே மாதிரி மிஷின். ஆனால் அதிலிருந்தவர் என்ன பாஷை பேசினார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாடி வைத்த பெரிய மனிதர். கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“கையைப் பாத்தா போதும்” என்றார் அப்பா.

ஓரிடத்தில் அந்த ஆள் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“எதுக்குச் சிரிக்கார்?” என்று ஜெபா கேட்டாள்.

“அவர் ஊர்ல ஏதாவது வேடிக்கையா இருக்கும்.”

அம்மா முதலில் சில சட்டங்கள் போட்டார். அடுப்பை அணைத்தாகிவிட்டது. திறந்த முற்றத்தில்தான் வேலை. பெட்ரோலைத் தொடுவது அப்பா மட்டும்தான். இருட்டினால் நிறுத்திவிட வேண்டும், லைட்டைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. அப்பாவும் ஒன்று சேர்த்துக்கொண்டார். இன்ஜின் தவறிக்கூடக் கிளம்பாமல் இருக்க, தீப்பொறி கொடுக்கும் பிளக்கில் மாட்டியிருந்த வயரை முதலில் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

ஜெபா காலி முட்டை அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு குழியிலும் பேனாவால் எண் எழுதினாள். முதலில் கழன்ற திருகாணி ஒன்றாம் குழிக்கு, அடுத்தது இரண்டாம் குழிக்கு. ஒவ்வொன்றையும் வைக்கும் முன்பு அம்மாவின் போனில் படம் எடுத்தாள்.

“திரும்ப மாட்டும்போது கடைசி குழியிலேர்ந்து பின்னால வரணும்” என்றாள்.

“இது முதல்லயே தோணியிருந்தா நமக்கு மணி தெரிஞ்சிருக்கும்” என்றார் அம்மா.

ஒன்பதாம் குழி நிரம்பியபோது கார்புரேட்டர் கையோடு வந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

“இது என்ன வேலைப்பா செய்யும்?”

“பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும்.”

“எம்புட்டு காத்து, எம்புட்டு பெட்ரோல்?”

“அதெல்லாம் அதுக்குத் தெரியும்.”

“இரும்புக்கு எப்படிப்பா தெரியும்?”

அப்பா அடியில் இருந்த சின்னக் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே ஒரு மிதவை இருந்தது. அதைத் தூக்கியதும் மெல்லிய ஊசி ஒன்று துள்ளி முற்றத்தில் உருண்டு எங்கேயோ போய்விட்டது.

மூவரும் நான்கு காலில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அது அப்பாவின் செருப்புக்கு அடியில் கிடந்தது.

“அந்தத் தாடிக்காரர் இதுக்குத்தான் சிரிச்சிருக்கார்” என்றாள் ஜெபா.

கிண்ணத்தின் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பழைய பெட்ரோல் காய்ந்து இப்படி ஆகியிருந்தது. நடுவில் பித்தளையில் ஒரு குட்டிக் குழாய். அதற்குப் பெயர் ஜெட். அதன் நடுவே ஓட்டை இருக்க வேண்டும். ஜெபா அதை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒரே இருட்டு.

அப்பா ஊக்கை எடுத்தார்.

“வேண்டாம்ப்பா. ஊக்கு குத்துனா ஓட்டை பெருசாயிரும். அம்புட்டுதான் பெட்ரோல் போகணும்னு அளவு பார்த்துத்தான ஓட்டை போட்டிருப்பாங்க?”

அப்பா ஊக்கைக் கீழே வைத்தார். ஜெட்டைப் பெட்ரோலில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி நுழைத்து எடுத்தார். பிறகு சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தார். மீதிப் பாகங்களைத் தன் கம்பெனித் துணியால் துடைத்தார்.

“எங்க துணி மாதிரி வராது. ஆஸ்பத்திரிக்கே போகுது” என்றார்.

“ஆஸ்பத்திரிக்குச் சரி. இங்க நூல் உதிருது பாருங்க” என்று அம்மா கிண்ணத்திலிருந்து ஒரு வெள்ளை இழையை விரலால் எடுத்துக் காட்டினார். அப்பா துணியை மடித்து வைத்துவிட்டார்.

ஜெபா ஜெட்டை மறுபடியும் வானத்துக்குக் காட்டினாள். இந்த முறை ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. உள்ளே அந்திவானம் செம்மஞ்சளாக இருந்தது. அம்மாவுக்கும் காட்டினாள். அப்பாவுக்கும் காட்டினாள். பிறகு தானே இன்னொரு முறை பார்த்தாள்.

ஒன்பதிலிருந்து ஒன்று வரை பின்னால் வந்தார்கள். முட்டை அட்டையில் ஒன்றுகூட மிச்சமில்லை. புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக் வயரை மாட்டினார்கள். ஜெபா வாசற்படியில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அம்மா கயிற்றை இழுத்தார்.

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை மிஷின் இருமியது, புகை விட்டது, படபடவென்று ஓடத் தொடங்கியது.

அம்மா சிரித்தார். அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார், யாராவது கவனிக்கிறார்களா என்று. ஜெபா படியிலேயே குதித்தாள்.

பிறகு மிஷின் முனகியது. நின்றுவிட்டது.

செத்த நேரம் காத்திருந்து மறுபடி இழுத்தார்கள். ஓடியது. ஜெபா இந்த முறை கடிகாரம் கட்டியிருந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிடம். நின்றுவிட்டது.

அப்பா கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்கிலிருந்து வரும் டியூபைப் பிடுங்கிக் கீழே டப்பாவைப் பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

“டேங்க்ல பெட்ரோல் இருக்கா, இல்லையா?” என்று சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திருகித் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். உடனே டியூபிலிருந்து பெட்ரோல் சர்ரென்று கொட்டி அவர் காலை நனைத்தது. அவர் துள்ளிப் போய் டியூபை விரலால் அழுத்தினார்.

“டியூபுல அழுக்கு இருந்திருக்கும். இப்ப வந்திருச்சு” என்றார்.

எல்லாவற்றையும் மாட்டினார்கள். மூடியை இறுக்கினார்கள். ஓடியது. மூன்று நிமிடத்தில் நின்றது.

வானம் கருத்துவிட்டது. அம்மா தன் சட்டப்படி வேலையை நிறுத்தினார்.

“விடிஞ்சதும் அரிவாளைத்தான் எடுக்கணும்” என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் கூட ஜெபாவுக்குப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜெபா, துலக்குவதை நிறுத்தினாள்.

அப்பாவின் கால் எப்போது நனைந்தது? டியூபைப் பிடுங்கியபோது இல்லை. மூடியைத் திறந்தபோது.

மூடி மேலே இருக்கிறது. டியூப் கீழே இருக்கிறது. மேலே திறந்தால் கீழே ஏன் கொட்ட வேண்டும்?

வாயைக் கொப்பளித்துவிட்டு, குப்பைக்குப் போட வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்தாள். அடியில் காம்பஸ் முனையால் ஓர் ஓட்டை போட்டாள். தண்ணீர் நிரப்பி மூடியை நன்றாக இறுக்கினாள். நாலைந்து சொட்டு விழுந்தது. பிறகு நின்றுவிட்டது. பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது, ஆனால் வெளியே வரவில்லை.

மூடியை லேசாகத் திருகினாள். தண்ணீர் கம்பி மாதிரி பீய்ச்சியடித்தது. இறுக்கினாள். நின்றது. திருகினாள். வந்தது.

“அம்மா, இங்க வாயேன். அப்பாவையும் கூட்டிட்டு வா.”

அம்மா கரண்டியோடு வந்தார். அப்பா பாதி சவரம் செய்த முகத்தோடு வந்தார். ஜெபா இருவருக்கும் செய்து காட்டினாள்.

“உள்ள காத்து போனாத்தான் வெளிய தண்ணி வருது. மிஷின்லயும் அப்படித்தான் இருக்கும். கிண்ணத்துல இருக்கிறது தீருற வரைக்கும் மூணு நிமிஷம் ஓடுது. பொறவு டேங்க்லேர்ந்து வர மாட்டேங்குது.”

அப்பா பாட்டிலை வாங்கித் தானே நான்கு முறை திருகிப் பார்த்தார்.

“அப்ப மூடியைத் திறந்தே வச்சு வெட்டிரலாம்ல?”

“நல்லாருக்கு. மிஷின் குலுங்கும். பெட்ரோல் தெறிச்சு இன்ஜின் சூட்டுல விழுந்தா என்ன ஆகும்?” என்றார் அம்மா.

“புதுசா வந்தப்ப மூடியோடதான ஓடுச்சு?” என்று ஜெபா கேட்டாள். “அப்ப காத்து எந்த வழியாப் போச்சு?”

மூவரும் மிஷினைப் பார்த்தார்கள். பிறகு அம்மா போய் அந்த மூடியைக் கழற்றி, துடைத்து, ஜெபாவின் கையில் கொடுத்தார்.

மூடியின் மேலே நடுவில் ஒரு பள்ளம். அதில் ஒரு மண் கட்டி. நேற்று மூவருமே அதைப் பார்த்திருந்தார்கள். மைதானத்து மண் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் இது உருண்டையாக, யாரோ விரலால் தடவி மெழுகினது மாதிரி வழவழப்பாக இருந்தது.

“குளவிக் கூடு” என்றாள் ஜெபா. “ஆறு மாசமா சும்மா நின்னுச்சுல்ல.”

பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பை மெதுவாகக் கொடுத்து நெம்பினாள். உடையாமல் ஒரே கட்டியாக வந்தது. அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு குட்டிப் புழு நெளிந்தது.

“தூரப் போடு ஏட்டி” என்றார் அம்மா.

“இன்னும் பறக்கவே இல்லம்மா. நாமதான அதை வீட்டை விட்டு எடுத்தோம்?”

“அப்ப வேற வீடு பார்த்துக் கொடுக்கணும்” என்றார் அப்பா. கூட்டை வாங்கி, தெருப்பக்கம் இருந்த மதில் சுவரின் பொந்து ஒன்றில் அடிப்பக்கம் மூடும்படி அழுத்தி வைத்தார்.

கூடு இருந்த இடத்தில், மூடியின் நடுவில், ஒரு சின்னஞ்சிறு ஓட்டை. உள்ளே இருந்த மண்துகளை பிரஷ் முடியால் எடுத்தார்கள். பம்ப்பால் ஊதினார்கள். ஜெபா மறுபக்கம் கன்னத்தை வைத்தாள். மெல்லிய காற்று வந்தது.

மூடியைப் போட்டு இறுக்கினார்கள். அம்மா கயிற்றை இழுத்தார்.

ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நான்கு. அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், அது ஓடுகிறதா என்று. ஐந்து. ஆறு. பத்தாவது நிமிடம் அம்மாவே மிஷினை அணைத்தார்.

“போதும். பெட்ரோல் புல்லுக்கு வேணும்” என்றார்.

அப்பா மீதி முகத்தைச் சவரம் செய்ய மறந்து அப்படியே வேலைக்குக் கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்.

ஜெபாவும் காளீஸ்வரியும் முதல் மணி அடிக்கும் முன்பும், இடைவேளையிலும், வெட்டாத பக்கமாக நடந்து கல்லும் குச்சியும் பொறுக்கினார்கள். பிளேடில் கல் பட்டால் தெறிக்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். இவர்கள் விலகி வெகுதூரம் வந்த பிறகே அம்மா மிஷினைக் கிளப்பினார். கையில் கம்பெனித் துணியைச் சுற்றியிருந்தார். அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவியது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்து ஜெபா மைதானத்துக்கு வந்தபோது, ஜோயல் சாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மைதானத்தைப் பார்த்தார். கடைசி இரண்டு வரிசைதான் பாக்கி. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“மெக்கானிக் வந்துட்டாரா அக்கா?”

“வரல சார். எங்க வீட்டுலதான் பார்த்தோம். கார்புரேட்டரை நாங்க மூணு பேரும் கழுவுனோம். ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிச்சது இவ.”

சார் ஜெபாவைப் பார்த்தார். “என்னம்மா கோளாறு?”

“மூச்சு விட முடியாம இருந்துச்சு சார்” என்றாள் ஜெபா. பிறகு பாட்டிலை எடுத்து வந்து காட்ட வேண்டியதாயிற்று. அவரும் நான்கு முறை திருகிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வெட்டிய புல்லின் வாசனை கிளம்பியது. மேற்கே மலை பளிச்சென்று தெரிந்தது. காளீஸ்வரியின் அம்மா மில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து, கோட்டுக்கு வெளியே ஜெபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏட்டி ஜெபா, இவளுக ஏன் பந்தைக் கையால எடுக்க மாட்டேங்காளுக?”

“எடுக்கக் கூடாது அத்தை.”

“அந்தப் பிள்ளை மட்டும் எடுக்குதே?”

“அது கோல்கீப்பர்.”

“அதுக்கு மட்டும் ஏன்?”

ஜெபாவுக்கு உற்சாகமாகிவிட்டது. இத்தனை கேள்வி கேட்கும் பெரியவர் ஒருவரை அவள் இதுவரை பார்த்ததில்லை. விசில், கோடு, சிவப்பு அட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காளீஸ்வரி பந்தோடு இரண்டு பேரைத் தாண்டி ஓடி வந்தாள். காலை வீசினாள். பந்து வலையில் போய் விழுந்தது.

அத்தைக்கு அதற்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து நின்றுவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோல்கீப்பர்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு, இராஜபாளையம் ஒன்று.

காளீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். “தோத்துட்டோம்மா.”

“இருக்கட்டும். அவிய ரெண்டு அடிச்சது எனக்கு எதுக்கு? நீ அடிச்சத நான் பார்த்தேன்ல?” என்றார் அவர். முந்தானையால் மகளின் முகத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு ஜெபாவின் முகத்தையும் துடைத்தார். அவள் ஓடவே இல்லை என்றாலும்.

அன்று இரண்டு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே, மில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அந்த ஒரு கோல் தெரிந்திருந்தது.